மூடின ஃபில்டரும் ஆயுத பூஜையும்

கடல் மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று நம் தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். கேட்ட அரை மணிக்குள் இருபது பேர் இருபது படம் அனுப்புகிறார்கள். போனிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாமாம், அதுவே அழுக்கைப் பார்த்து மணி அடிக்குமாம். ஒருவராவது "என்ன மீன் வளர்க்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டதில்லை. போன வாரம் பொறுக்க முடியாமல் நான் ஒரு வரி எழுதினேன். "பெரியவரே, நீங்க யாரு?" என்று ஒருத்தர் கேட்டார். அதற்குப் பதில்தான் இது. நீளமாக இருக்கும். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

நான் ஏகாம்பரம். வடக்குப்பட்டுக்காரன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கம்பெனிகளின் ரிசப்ஷனில் கடல் மீன் தொட்டி ஒன்று பளிச்சென்று நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் நான் வைத்ததாக இருக்கும். வெளிநாட்டுத் துரைமார்கள் என் தொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீர் சுத்திகரிப்பில் பட்டம் வாங்கிய ஒரு இன்ஜினியர், அவருடைய வீட்டுத் தொட்டி கலங்கிப் போனதும் என்னைத்தான் கூப்பிட்டார். வாசலில் நின்று தொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன், நடந்ததைத்தானே சொல்கிறேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்றதால் போன தை மாதத்தோடு ஓய்வு எடுத்துக்கொண்டேன்.

தொழில் கற்றது கொளத்தூரில், கரீம் பாய் என்கிற மீன் வியாபாரியிடம். ஏழு வருஷம். முதல் இரண்டு வருஷம் வாளி தூக்கினதையும் தரை கழுவினதையும் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நாளும் என்னைத் திட்டினதில்லை. நான் தப்புச் செய்தால் பக்கத்தில் வருவார், என் கையிலிருக்கிற வலையை வாங்குவார், சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அன்று முழுக்க நான் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். ஆணியில் தொங்குகிற வலையைப் பார்த்துக்கொண்டே நாள் பூராவும் நிற்பதைவிட நாலு அடி வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

ஃபில்டர் வாங்க யார் வந்தாலும் பாய் சாமானைக் காட்டமாட்டார். எதிரே உட்கார வைத்து டீ சொல்வார். "இன்னா மீனு? இன்னா துன்னும்? எத்தினி துன்னும்?" என்று கேட்பார். அப்புறம் "தொட்டி எங்க வெக்கப் போறீங்கோ? கரண்டு போற எடமா?" என்பார். கடைசியாக, "அத்த யாரு கழுவப் போறது? நீங்களா, வூட்ல அம்மாவா, வேலைக்காரங்களா?" என்று கேட்பார். இந்தக் கேள்வி வந்ததும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும். பதில் எல்லாம் வந்த பிறகுதான் எழுந்து போய் ஒரு பெட்டியை எடுத்து வருவார். ஒரே ஒரு பெட்டிதான். தேர்ந்தெடுக்கிற வேலை அந்த டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விஷயம். ஃபில்டர் என்றால் அழுக்கை வடிகட்டுகிற சல்லடை என்று நினைக்காதீர்கள். மீன் கழித்ததும் தின்னாமல் விட்டதும் கரைந்து தண்ணீரில் விஷமாகிறது. அந்த விஷத்தைத் தின்று உயிர் வாழ்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்குள் இருக்கிற கல்லும் பஞ்சும் அவை குடியிருக்கிற வீடு. அவற்றுக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. கடல் மீனுக்கு இன்னொன்றும் வேண்டும், ஸ்கிம்மர். பருப்பு கொதிக்கும்போது மேலே பொங்குகிற நுரையை வழித்துப் போடுகிறோம் அல்லவா, அந்த வேலைதான்.

அந்த நுண்ணுயிர்களுக்கு வீடு கட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, பெரிய தொட்டிக்குக் கீழே இன்னொரு திறந்த தொட்டி வைப்பது. இதற்கு சம்ப் என்று பெயர். இடம் அடைக்கும், சலசலவென்று சத்தம் வரும், உப்புத் தெறிக்கும். ஆனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, காற்றுப் புகாமல் மூடின பீப்பாய் மாதிரியானது. கேனிஸ்டர். சத்தம் இல்லை, அடக்கமாக இருக்கும். ஆனால் அது நின்றுபோனால் உள்ளே அடைபட்ட தண்ணீரில் மூச்சுத் தீர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் செத்து அழுகும். சில மணி நேரம் தாங்கலாம். நாள் கணக்கில் நிறுத்திவிட்டு அப்படியே திரும்பப் போட்டால், அழுகின தண்ணீர் முழுவதும் மீன்கள் மேல் போய் விழும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தேதான் ஒரு முறை கேனிஸ்டர் வைத்தேன்.

காருக்கு சீட் செய்கிற கம்பெனி, ஒரகடத்தில். பெயர் வேண்டாம். ரிசப்ஷனில் ஆறு அடித் தொட்டி. அங்கே நிர்வாகம் பார்த்தவர் மோகன் சார். நல்ல மனுஷன்தான், ஆனால் எப்போதும் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரியே நடப்பார். முதல் நாளே கையில் பட்டியலோடு வந்தார்.

"ஏகாம்பரம், சத்தம் வரக் கூடாது. உப்புத் தெறிக்கக் கூடாது. கீழே எந்த சாமானும் வெளியே தெரியக் கூடாது."

"கடல் மீனுக்கு சம்ப் வெச்சாதான் சார் நல்லா இருக்கும். கீழ இன்னொரு தொட்டி மாதிரி."

"கபோர்டு செஞ்சு முடிச்சாச்சு. நடுவுல பலகை இருக்கு, தொட்டி உள்ள போகாது. உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க. சிட்டியிலேர்ந்து வேற ஆள் பார்க்கறேன்."

முடியாது என்ற வார்த்தை என்னைக் குத்திவிட்டது. ஏகாம்பரத்தால் முடியாதா? "இன்னா சார் இப்டி சொல்லிட்டீங்க? கேனிஸ்டர்லயே ஓட்டிக் காட்றேன்" என்றேன். கணக்கும் போட்டேன். பதின்மூன்று மீன், மிதமான தீனி. கம்பெனியில் பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்டு போகவே போகாது. பெரிய கேனிஸ்டர் ஒன்று, தொட்டிக்குப் பின்னால் தொங்குகிற ஸ்கிம்மர் ஒன்று, உள்ளே தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டார். வாரம் ஒரு நாள் நானே வந்து பார்த்துக்கொள்வேன். யார் கழுவுவது என்கிற கேள்வியை நான் என்னையே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொண்டேன். மற்ற ஆறு நாளும் தொட்டியோடு இருக்கப்போவது யார் என்று கேட்கவில்லை.

இருந்தது பேச்சியம்மாள். ரிசப்ஷனைப் பெருக்கித் துடைக்கிறவள், கான்ட்ராக்ட் ஆள். சங்கரன்கோவில் பக்கத்தவள், நாற்பதைத் தாண்டியவள், படப்பையில் தங்கையோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். அதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் கான்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இங்கேதான் மூன்று முறை நீட்டித்திருந்தார்கள். "இதையும் விட்டா இந்த வயசுல எவன் அண்ணாச்சி எடுப்பான்?" என்று ஒரு நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். தொட்டியிலிருந்த மஞ்சள் டாங் மீனுக்கு அவள் வைத்த பெயர் மஞ்சளு.

"அண்ணாச்சி, மஞ்சளு இன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. போன வாரம் நீங்க லேட்டா வந்தியள்லா, அந்தக் கோவம்."

"மீனுக்கு இன்னாம்மா கோவம்?"

"வாரம் ஒருக்க வார உங்களுக்கு என்ன தெரியும்? நான் தெனம் பாக்கேன்."

ஒரு வருஷம் அருமையாக ஓடியது. அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

கம்பெனிகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைனை நிறுத்தி, மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாற்றி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். பூஜை போட்ட மிஷினைத் திரும்பத் திறக்கிற நாள் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். அந்த வருஷம் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் லீவு. நானும் வடக்குப்பட்டில் என் ஸ்கூட்டரையும் உப்பு பார்க்கிற மீட்டரையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த காலை, மோகன் சார் போன் செய்தார். "உடனே வாங்க. மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஹால் முழுக்க முட்டை அழுகின நாத்தம்."

என் வீட்டில் எப்போதும் இரண்டு நீல டிரம்மில் உப்புத் தண்ணீர் கலந்து தயாராக இருக்கும். அதைப் பக்கத்து வீட்டுக்காரரின் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழக்கமாக கேட்டில் சாமான் உள்ளே போக அரை மணி நேரம் எழுதிக்கொண்டிருப்பார்கள். அன்று மோகன் சார் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எழுதறதெல்லாம் அப்புறம், உள்ளே விடுப்பா" என்று செக்யூரிட்டியிடம் கத்தினார்.

முதல் வேலையாக கபோர்டைத் திறந்தேன். கேனிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம், குழாயைச் சுற்றி வாடின கதம்பம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினேன்.

பேச்சியம்மாள் தூணோரமாக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா இத்த ஆப் பண்ணது?"

"நான்தான் அண்ணாச்சி. லைன்ல இருக்க மிஷினு, லிப்டு, கேன்டீன் கிரைண்டர் வரைக்கும் பொட்டு வச்சு ஓய்வு குடுத்தாவ. வருசம் பூரா ஒரு நிமிசம் நிக்காம ஓடுறது இது ஒண்ணுதான். இதுக்கு மட்டும் ஓய்வு கெடையாதான்னு மனசு கேக்கல. பின்னால தொங்குறதையும் நிப்பாட்டுனேன்."

"உள்ள சுத்துற மோட்டாரு?"

"அது மீனுவ வீட்டுக்குள்ள இருக்குல்லா, அதத் தொடல. காலைல வந்து பாத்தேன், எல்லாம் நல்லாத்தான் நீந்திச்சு. சூடம் காட்டி நான் சுவிட்சப் போட்ட பொறவுதான்…"

பேச நேரம் இல்லை. டாங் மீனை வலையில் பிடிக்கக் கூடாது. வால் பக்கத்தில் கத்தி மாதிரி ஒரு முள் இருக்கும், வலையில் சிக்கிக் கிழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில்தான் அள்ள வேண்டும். நான் அள்ள அள்ள மோகன் சார் சட்டைக் கையைச் சுருட்டி, டையைத் தோள் பக்கம் தள்ளிவிட்டு, டப்பாவை வாங்கி டிரம்மில் விட்டார். பேச்சியம்மாள் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு டிரம்மை விட்டு நகரவில்லை. பதின்மூன்றில் ஐந்து பிழைத்தது. அந்த ஐந்தில் மஞ்சளு மட்டும் தேறுமா தேறாதா என்று சொல்ல முடியாத நிலை. டிரம்மின் அடியில் சாய்ந்து கிடந்து வேக வேகமாக மூச்சு வாங்கியது.

இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். கேனிஸ்டரைக் கழற்றி எறிந்தேன். கபோர்டின் நடுப் பலகையை என் கையாலேயே அறுத்து எடுத்து, உள்ளே சின்னதாக ஒரு சம்ப் உட்கார வைத்தேன். வேறொரு தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த கல்லை எடுத்து வந்து அதில் போட்டேன். உயிர் உள்ள கல், நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கிற கல். மீன்களைத் திரும்ப விட்டேன். நாலு மீன் தின்ன ஆரம்பித்தன. மஞ்சளு தீனிப் பக்கத்தில் கூட வரவில்லை.

மூன்றாம் நாள் மோகன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வெளியே நின்றுகொண்டிருந்தார், கையில் பேச்சியம்மாளின் ஐடி கார்டு. வாங்கி வைத்துவிட்டார்கள். அவள் மட்டும் அது தெரியாத மாதிரி ஹாலில் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேஜையில் ஒரு தாள். இந்த கம்பெனிகளில் ஒரு நட்டு கழன்று விழுந்தாலும் அதை நிரப்புவார்கள். ஐந்து கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு 'ஏன்'. ஒய்-ஒய் ஷீட் என்பார்கள். முதல் ஏனுக்குப் பதில் எழுதினால், அந்தப் பதிலைப் பார்த்து அடுத்த ஏன் கேட்க வேண்டும். கடைசியில் எது நிற்கிறதோ அதுதான் மூல காரணம்.

"நீங்கதான் டெக்னிக்கல் ஆள். நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தமிழ்ல எழுதினா போதும்" என்றார் மோகன் சார்.

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நிதானமாக எழுதினேன். மீன் ஏன் செத்தது? ஃபில்டரிலிருந்து அழுகின தண்ணீர் வந்தது. ஏன் அழுகியது? ஃபில்டர் மூன்று நாள் நின்றிருந்தது. ஏன் நின்றிருந்தது? பூஜைக்காக ஆப் செய்தார்கள்.

"இது போதும்" என்றார் மோகன் சார். "ஹவுஸ்கீப்பிங் மிஸ்டேக். அந்தம்மாவை மாத்திட்டோம்னு கீழே போட்டுக்கறேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க, மேல கேக்கறாங்க, நான் என்ன பண்றது?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தத் தாள் அங்கே நின்றால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. பேனாவை மூடி வைத்துவிட்டு வந்திருக்கலாம். பத்துப் பன்னிரண்டு ரிசப்ஷன் அப்போது என் கையில் இருந்தது. ஒரு நிர்வாக அதிகாரி இன்னொருவருக்கு போன் செய்தால் போதும், பேர் கெட்டுவிடும். இருந்தாலும் ஆணியில் தொங்குகிற வலை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"சார், இன்னும் ரெண்டு கட்டம் காலியா கீது."

"அதெல்லாம் கட்டாயம் இல்ல, ஏகாம்பரம்."

"கட்டம் போட்டவன் சும்மாவா சார் போட்டிருப்பான்?"

எழுதினேன். ஏன் ஆப் செய்தார்கள்? நிறுத்தக் கூடாது என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இங்கே நிறுத்திக்கொண்டால் 'யாரும்' என்கிற வார்த்தைக்குள் நான் ஒளிந்துகொள்ளலாம். ஒளியவில்லை. "சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. நின்றால் அழுகிப்போகும் என்று தெரிந்தும் மூடின ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தவனும் நான். வருஷா வருஷம் பூஜை போடுகிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இப்படிக்கு, ஏகாம்பரம்."

மோகன் சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படி எழுதினா வெண்டார் லிஸ்ட்லேர்ந்து உங்கள எடுத்தாகணும், தெரியுமா? நான் எடுக்கலைன்னாலும் ஆடிட்ல எடுத்துடுவாங்க."

"எடுத்துடு சார். அந்தம்மா கார்டக் குடுக்கச் சொல்லு."

கோபத்தில் மரியாதை நழுவிவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கதவைத் திறந்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "கார்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. அந்தம்மா இங்கேயே இருக்கட்டும்" என்றார். அப்புறம் என்னிடம் கை நீட்டினார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய கைகளைக் குலுக்கியிருக்கிறேன். அன்று அந்தக் கையில் இரண்டு நாளைக்கு முந்தின உப்புத் தண்ணீரால் வந்த வெடிப்பு இருந்தது.

என் வாழ்நாளில் என் பெயரை அடித்த கம்பெனி அது ஒன்றுதான். அதையும் என் கையெழுத்தில், காரணத்தோடு, நானேதான் எழுதிக் கொடுத்தேன். இந்த ரோட்டில் வேறு எவனாவது அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் சொல்லுங்கள், வந்து மாலை போடுகிறேன். அதற்குப் பிறகு எந்தத் தொட்டிக்கு ஃபில்டர் எடுப்பதற்கு முன்னாலும், அந்த இடத்தைப் பெருக்குகிறவர் யார் என்று கேட்டு, அவரோடு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் முடிவு செய்தேன். அவர் குனிய முடியாதவர் என்றால் உயரத்தில் வைத்தேன். படிக்கத் தெரியாதவர் என்றால் சுவிட்சில் சிவப்பு நூல் கட்டினேன். குழுவில் கேட்கிறீர்களே எந்த ஃபில்டர் என்று, என் பதில் அதுதான்.

அன்று கேட்டில் என் பாஸைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன். உள்ளேயிருந்து பேச்சியம்மாள் ஓடி வந்தாள். கார்டு கழுத்தில் ஆடியது. முழங்கை வரைக்கும் ஈரம்.

"அண்ணாச்சி, நில்லுங்க! மஞ்சளு பாசியக் கடிச்சிட்டு! என் கையிலருந்து புடுங்கித் தின்னுட்டு!"

"நெசமாவா?"

"பொய்யா சொல்லுதேன்? சூப்பர்வைசர் கார்டக் குடுத்துட்டாரு, அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு மொதல்ல தொட்டிக்கிட்டதான் போனேன். இருந்த பாசி தீந்துட்டு. அடுத்த வாரம் வரும்போது மறக்காமக் கொண்டாங்க."

என் பையில் காய்ந்த கடல்பாசித் தாள் ஒரு முழுப் பாக்கெட் இருந்தது. எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"தெனம் கட்டவெரல் அளவுதான், புரிதா? ஜாஸ்தி போடாத. ஒரு மாசத்துக்கு மேல வரும்."

பாக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு இம்புட்டு? அடுத்த வாரம் வரமாட்டீயளா?"

ஸ்கூட்டரை உதைத்தேன். "கையெல்லாம் தண்ணி சொட்டிக்கினு வந்துகீறியே, ரிசப்ஷன்ல எவனாவது வழுக்கி விழப்போறான். போய்த் தொடம்மா" என்றேன்.